கோட்டை வாசலுக்கு வெளியே ஓர் ஊர்

கேள்வி இதுதான்: "ரோமானியப் பேரரசின் எல்லை என்றாலே கோட்டையும் சிப்பாய்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அங்கே சாதாரண ஜனங்கள் இருந்தார்களா? இருந்தால் என்ன செய்து பிழைத்தார்கள், குடும்பம் குழந்தை என்று வாழ முடிந்ததா?"

இருந்தார்கள், நிறையவே இருந்தார்கள். ரைன் நதிக்கரை ஆனாலும் சரி, டான்யூப் ஆனாலும் சரி, வட பிரிட்டன் ஆனாலும் சரி, கோட்டை எழும்பிய இடங்களில் அதன் வாசலை ஒட்டி ஓர் ஊரும் எழும்பியது. லத்தீனில் அதற்கு 'விக்குஸ்' என்று பெயர். நான் வட பிரிட்டனை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் கையால் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் நமக்குக் கிடைத்திருப்பதுதான் காரணம். அந்த ஊரைக் கோட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட கூட்டம் என்று பழைய புத்தகங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும். அது எனக்கு எப்போதும் உறுத்தும். கோட்டையின் சம்பளப் பணம் ஊருக்குள் புழங்கியது. ஊரார் கொண்டுவந்த தானியமும் தோலும் பீரும் இல்லாமல் கோட்டை நடந்திருக்காது. இரண்டுக்கும் ஒரே பிழைப்பு.

இன்றைய இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் விண்டோலாண்டா என்று ஓர் இடம். கி.பி. 85 வாக்கில் அங்கே முதல் கோட்டை, மரத்தால் கட்டப்பட்டது. ஹேட்ரியன் சுவர் என்று நாம் அறியும் 117 கிலோமீட்டர் நீளச் சுவர் 122-இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பே, கிழக்கு மேற்காகப் போன ஒரு படைச்சாலைதான் எல்லைக்கோடு போல இருந்தது. அந்தச் சாலையில்தான் விண்டோலாண்டா. ஒரு படைப்பிரிவு போய் இன்னொன்று வரும்போது பழைய கோட்டையை இடித்து, களிமண்ணும் புல்கட்டிகளும் போட்டு மூடி, அதன்மேல் புதிதாகக் கட்டுவார்கள். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது கோட்டைகள். அடியில் ஈரம், காற்று புகாத மண். அதனால் வேறு இடத்தில் மட்கிப்போயிருக்கும் மரம், தோல், துணி எல்லாம் அங்கே அப்படியே கிடந்தன.

1973-இல் ராபின் பிர்லி என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டும்போது மரச்சீவல் மாதிரி மெல்லிய இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தன. பிரித்தால் உள்ளே மசியில் எழுத்து. ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் தடிமன், அஞ்சலட்டை அளவு. காற்று பட்டதும் எழுத்து மங்க ஆரம்பித்துவிட்டது; அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்துத்தான் படித்தார்கள். யாரோ ஒருவருக்கு வந்த பார்சலோடு இருந்த கடிதம் அது: காலுறைகள், இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு உள்ளாடைகள் அனுப்பியிருக்கிறேன் என்று இருந்தது. அப்புறம் அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மர ஏடுகள் கிடைத்துவிட்டன. பெரும்பாலானவை கி.பி. 90 முதல் 120 வரையிலான ஆண்டுகளைச் சேர்ந்தவை.

சரி, யார் இந்த ஊரார்? முதலில் பணத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஊர் உருவானதற்கே அதுதான் காரணம். ஒரு கோட்டையில் 500 முதல் 1,000 பேர். ஆண்டுக்கு மூன்று தவணையாக வெள்ளிக்காசில் சம்பளம். வேறு வருமானமே இல்லாத குளிர்ப் பிரதேசத்தில், தவறாமல் சம்பளம் வரும் இத்தனை பேர் ஓரிடத்தில் இருந்தால் அங்கே கடை வராமல் இருக்குமா? பீர் காய்ச்சுபவர், கொல்லர், செருப்புத் தைப்பவர், தோல் வியாபாரி, வட்டிக்குக் கொடுப்பவர், வேலை முடிந்து ஓய்வு பெற்ற பழைய சிப்பாய் என்று எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். ஏடுகளில் அட்ரெக்டஸ் என்ற பீர் காய்ச்சுபவரின் பெயர்கூட இருக்கிறது. வெளிவேலைக்குப் போன மாஸ்க்லுஸ் என்ற படை அலுவலர் தன் தளபதிக்கு எழுதும் கடிதத்தில், நாளை என்ன செய்யவேண்டும் என்று கேட்டுவிட்டு, "நம் ஆட்களிடம் பீர் இல்லை, கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள்" என்று முடிக்கிறார்.

கோட்டை என்பது எல்லாரும் உள்ளேயே அடைந்து கிடந்த பெட்டி என்று நினைக்கவேண்டாம். துங்கிரியர் (இன்றைய பெல்ஜியப் பகுதி மக்கள்) படைப்பிரிவின் ஆள்கணக்கு ஒன்று, மே 18 தேதியிட்டது, கிடைத்திருக்கிறது. பட்டியலில் 752 பேர். அன்றைக்குக் கோட்டையில் இருந்தது 296 பேர்தான். 337 பேர் கிழக்கே கார்பிரிட்ஜில், 46 பேர் ஆளுநரின் மெய்க்காவலில், மீதிப் பேர் வேறு வேறு இடங்களில். இருந்தவர்களிலும் 31 பேருக்கு உடம்பு சரியில்லை, அதில் பத்துப் பேருக்குக் கண்நோய். இப்படி ஓயாமல் போவதும் வருவதுமாக இருந்த கூட்டத்தோடு வண்டிக்காரர்களும் வியாபாரிகளும் சேர்ந்தே நகர்ந்தார்கள்.

அந்த வியாபாரம் எப்படி நடந்தது என்பதைக் கண்முன் நிறுத்துவது ஒக்டேவியஸ் என்பவர் காண்டிடுஸ் என்பவருக்கு எழுதிய நீண்ட கடிதம். இவர் தனி வியாபாரியா, படைக்கு முகவராக இருந்தவரா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எப்படியானாலும் அவர் புழங்கியது வியாபார உலகம். ஐயாயிரம் மோடி அளவு கதிர்த் தானியம் வாங்கியிருக்கிறார். ஒரு மோடி ஏறக்குறைய ஒன்பது லிட்டர் என்று வைத்தால் 43,000 லிட்டருக்கும் மேல். "பணம் அனுப்பு என்று எத்தனையோ முறை எழுதிவிட்டேன். குறைந்தது 500 டெனாரி (ரோமானிய வெள்ளிக்காசு) அனுப்பாவிட்டால் நான் கொடுத்த முன்பணம் 300 டெனாரி போய்விடும், எனக்கும் தலைகுனிவு" என்பது அவர் புலம்பலின் சாரம். கேட்டரிக் என்ற ஊரில் தோல்கள் எடுக்கக் காத்திருக்கின்றன; போய் எடுத்து வந்திருப்பார், ஆனால் சாலை மோசமாக இருக்கும்போது மாடுகளை வதைக்க மனம் வரவில்லையாம். யாரோ ஒருவன் தோல் வேண்டும், கையில் பணம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஜனவரி 13 வருகிறேன் என்றவன் வரவே இல்லை. இன்னொருவன் ஐந்து டெனாரிக்கு இங்கே வாங்கிய தோல்சாமானை அங்கே கூடுதல் விலைக்கு விற்கிறான் என்று காதில் விழுந்திருக்கிறது. எட்டரை டெனாரி தன் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை என்பதையும் மறக்காமல் கேட்கிறார்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. லண்டனுக்கு வடக்கே நானூறு கிலோமீட்டருக்கும் மேல், ரோமானியர் வந்து ஓரிரு தலைமுறையே ஆன இடத்தில், முன்பணம், கடன், வரவு, கெடு என்ற முழுப் பொருளாதாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதுகிறவர் காண்டிடுஸை 'சகோதரா' என்று அழைக்கிறார். ஏடுகள் முழுக்க இப்படித்தான். கூடப்பிறந்தவரோ இல்லையோ, பழகினவர் எல்லாரும் சகோதரன், சகோதரி.

இன்னொரு கணக்குப்பட்டியல் கோதுமை வழங்கியது பற்றியது. தனக்கு இவ்வளவு, ரொட்டிக்கு இவ்வளவு, காட்டுப்பக்கம் மாடுகளோடு இருக்கும் அப்பாவுக்கு இவ்வளவு, பன்றி பார்க்கும் லுக்கோவுக்கு இவ்வளவு என்று வரிவரியாகப் போகிறது. கோட்டைக்குத் தானியம் கொடுக்கும் குடும்பத் தொழில் போலத்தான் தெரிகிறது. அதே கையெழுத்தில் ஒரு முறையீடும் இருக்கிறது, அதுதான் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். எழுதியவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவரைப் பிரம்பால் ரத்தம் வர அடித்திருக்கிறார்கள். அவர் சரக்கையும் கொட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. தளபதியிடம் முறையிடப் போனால் அவருக்கு உடம்பு சரியில்லை; கீழதிகாரிகளிடமும் நூற்றுவர் தலைவர்களிடமும் சொல்லிப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை. அதனால் மேலிடத்துக்கு எழுதுகிறார். 'மாட்சிமை' என்ற சொல்லைப் பயன்படுத்துவதால், பேரரசர் ஹேட்ரியனுக்கே எழுத நினைத்திருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். "நான் கடல் கடந்து வந்தவன், குற்றமற்றவன், ஏதோ பாதகம் செய்தவனைப்போல என்னைப் பிரம்பால் அடித்து ரத்தம் வரவைத்ததை அனுமதிக்காதீர்கள்" என்று மன்றாடுகிறார்.

'கடல் கடந்து வந்தவன்' என்று ஏன் சொல்லவேண்டும்? உள்ளூர் பிரிட்டானியனை அடிப்பது வேறு, என்னை அடிப்பது வேறு என்ற தொனி அதில் இருக்கிறது. எல்லையில் சிவிலியனாக வாழ்வது எத்தகையது என்பதை இந்த ஓர் ஏடு மொத்தமாகக் காட்டிவிடுகிறது என்று நினைக்கிறேன். உன் வாடிக்கையாளனே உன்னை அடிக்கக்கூடியவன். நீதி கேட்டுப் போகவேண்டிய இடமும் அவனுடைய மேலதிகாரிதான். மேற்கே உள்ள கார்லைல் பகுதிக்கே ஒரு நூற்றுவர் தலைவர்தான் 'வட்டார அதிகாரி' என்று இருந்ததை இன்னொரு ஏடு சொல்கிறது. பிற்காலத்தில் நிலைமை கொஞ்சம் மாறியது. 'விண்டோலாண்டா ஊரார்' என்று தங்களைச் சொல்லிக்கொண்டு வல்கன் என்ற நெருப்புத் தெய்வத்துக்கு ஊரே சேர்ந்து ஒரு பலிபீடம் நாட்டியிருக்கிறது. ஊர்ப்பொது என்று ஒன்று இருந்து, அதற்குப் பணம் சேர்த்து, கல்வெட்டும் வைக்க முடிந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கல் சாட்சி.

கடைகள் எப்படி இருந்தன என்பதைப் பார்க்க சுவரை ஒட்டிய ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குப் போகவேண்டும். தெற்கு வாசலுக்கு வெளியே சாலையை நோக்கிக் குறுகிய முகப்பும் பின்னால் நீண்ட உடம்பும் கொண்ட வீடுகள். ஒரு வீட்டு வாசற்கல்லில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறது. பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகச் செருகிக் கடையை மூடுவதற்கான பள்ளம். முன்னால் கடை, பின்னால் அல்லது மேலே குடும்பம். அதே ஊரின் இன்னொரு வீட்டில் களிமண் தரைக்கு அடியில் இரண்டு எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதில் ஒருவரின் விலா எலும்புக்கிடையே கத்தியின் நுனி முறிந்து கிடந்தது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஒரு வீட்டு வேலையாளிடம் கொடுத்த சாமான் பட்டியல்: உடைத்த பயறு இரண்டு மோடி, கோழி இருபது, நல்லதாகக் கிடைத்தால் ஆப்பிள் நூறு, நியாயமான விலைக்கு வந்தால் முட்டை நூறோ இருநூறோ, மீன்சாறு, ஒரு மோடி ஆலிவ். "நல்லதாகக் கிடைத்தால்", "நியாயமான விலைக்கு வந்தால்" என்ற இரண்டு நிபந்தனைகளிலேயே பக்கத்தில் ஒரு சந்தை இருந்தது தெரிந்துவிடுகிறது. ஆலிவும் மீன்சாறும் தெற்கே வெகு தொலைவிலிருந்து வந்தவை. அதைவிடத் தொலைவிலிருந்து வந்த ஒன்றும் உண்டு. சிப்பாய்கள் கடனுக்கு வாங்கிய சாமான்களின் கணக்கில், துண்டு, கொழுப்பு போன்றவற்றுக்கு நடுவே, தப்போவின் மகன் கம்பாக்ஸ் என்பவர் பேரில் மிளகு, இரண்டு டெனாரி என்று ஒரு வரி. அந்த மிளகு விளைந்தது நம் மேற்குமலையில். சேர நாட்டு முசிறித் துறையில் யவனர் கப்பல்கள் பொன்னைக் கொடுத்துக் கறியை, அதாவது மிளகை, ஏற்றிப்போனதைச் சங்கப் பாட்டு சொல்கிறது. ஏற்றிப்போன மிளகு கடைசியில் யார் சோற்றில் விழுந்தது என்று கேட்டால், ஒருவனின் பெயரையாவது நம்மால் சொல்ல முடிகிறது.

குடும்ப விஷயத்தில் சட்டம் ஒன்று, வாழ்க்கை ஒன்று. பணியில் இருக்கும் சிப்பாய் திருமணம் செய்யக் கூடாது என்ற தடை முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்திலிருந்தே இருந்தது. பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் 197 வாக்கில்தான் அதைத் தளர்த்தினார். ஆனால் 25 ஆண்டுப் பணி. இருபது வயதில் சேர்ந்தவன் நாற்பத்தைந்து வயதுவரை தனியாகவா இருப்பான்? ஊரில் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள், பிள்ளை பெற்றார்கள். சட்டத்தின் கண்ணில் அது திருமணம் இல்லை என்பதால் பிள்ளைகளுக்குத் தகப்பன் வழி உரிமை இல்லை. பணி முடிந்து கௌரவமாக விடைபெறும்போது துணைப்படை வீரனுக்கு (பெரும்பாலும் ரோமானியக் குடியுரிமை இல்லாதவர்கள்) வெண்கலத் தகட்டில் ஓர் ஆவணம் கிடைக்கும். அவனுக்குக் குடியுரிமை, அந்தப் பெண்ணோடு சட்டப்படித் திருமண உரிமை, பிள்ளைகளுக்கும் குடியுரிமை. 140 வாக்கில் பிள்ளைகளுக்கான சலுகையை எடுத்துவிட்டார்கள். எத்தனை வீடுகளில் அது இடியாக விழுந்திருக்கும்!

பெண்களும் குழந்தைகளும் வாசலுக்கு வெளியே ஊரில்தான் இருந்தார்கள், கோட்டைக்குள் ஆண்கள் மட்டும் என்று வெகுகாலம் நம்பினார்கள். அதை மாற்றியவை செருப்புகள். விண்டோலாண்டாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட காலணிகள் கிடைத்திருக்கின்றன. அளவெடுத்துப் பார்த்தால் பெண்கள், சிறுபிள்ளைகள், இப்போதுதான் நடை பழகும் குழந்தைகள் அணிந்தவை கூட இருக்கின்றன, அதுவும் படைவீடுகளுக்குள்ளேயே. தளபதி வீட்டிலிருந்து வந்த தோல் துண்டுகளை 2020-இல் மறுபடி பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் எலி வடிவத்தில் வெட்டிக் கண்ணும் ரோமமும் கீறிய சின்னத் துண்டு ஒன்று இருந்தது. யாரோ ஒரு பிள்ளைக்கு யாரோ வெட்டிக் கொடுத்தது.

தளபதிகள் மட்டும் குடும்பத்தோடு வர அனுமதி உண்டு. ஒன்பதாம் படாவியர் படைப்பிரிவின் தளபதி செரியாலிஸ். அவர் மனைவி லெபிடினா. பக்கத்துக் கோட்டை ஒன்றில் இருந்த புரோக்குஸின் மனைவி கிளாடியா செவெரா அவளுக்கு எழுதிய கடிதம் கி.பி. 100 வாக்கில் எழுதியது. செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ வந்தால்தான் அந்த நாள் எனக்கு இனிக்கும், கட்டாயம் வா என்று அழைப்பு. அதை எழுதியது ஒரு எழுத்தர். ஆனால் கடைசியில் வேறு கையெழுத்து, கொஞ்சம் தடுமாறும் எழுத்து: "உன்னை எதிர்பார்த்திருப்பேன், சகோதரி. நலமாக இரு, என் உயிரே." அது செவெராவின் கை. ஒரு பெண் தன் கையால் எழுதிய லத்தீன் என்று நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று.

இவர்கள் மேல்தட்டு. கீழே அடிமைகள். ஓர் அடிமை இன்னோர் அடிமைக்கு எழுதிய கடிதமும் உண்டு: சாட்டர்னேலியா பண்டிகைக்கு வேண்டியதைப் பார்த்து வாங்கு, அரை டெனாரிக்குக் குறையாமல் முள்ளங்கி வாங்கு என்று. அடிமையாக இருந்து மேலே வந்தவர்களில் எனக்கு மறக்க முடியாதவள் ரெஜினா. சுவரின் கிழக்கு முனைக்குச் சற்று அப்பால், இன்றைய சவுத் ஷீல்ட்ஸில், அவள் நடுகல் இருக்கிறது. அவள் தெற்கு பிரிட்டனின் கட்டுவெல்லௌனி இனத்துப் பெண். சிரியாவின் பல்மைராவைச் சேர்ந்த பாராடிஸ் அவளை அடிமையாக வாங்கி, விடுதலை கொடுத்து, மணந்துகொண்டார். முப்பது வயதில் இறந்தாள். கல்லில் அவள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் நகைப்பெட்டி, இன்னொரு பக்கம் நூல் பந்துகள் நிறைந்த கூடை, மடியில் நூல் சுற்றும் கோல். அடியில் லத்தீன் கல்வெட்டு, கொஞ்சம் பிழையோடு. அதற்கும் கீழே ஒரே வரி, இந்த முறை பல்மைரா எழுத்தில், சுத்தமாக, சரளமாக: "பாராடிஸின் விடுதலை பெற்ற ரெஜினா, ஐயோ." அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தன் மொழியில் அழவேண்டும் என்பதற்காகவே அவர் அதை வெட்டச் சொல்லியிருக்கவேண்டும். அதே ஊரில் விக்டர் என்ற மூரினத்து (வட ஆப்பிரிக்க) இளைஞனின் கல்லும் உண்டு. அவனும் விடுதலை பெற்றவன், இருபது வயது. சுவரின் நடுப்பகுதியில் அட்ரியாடிக் கரையின் சலோனாவிலிருந்து வந்த அவுரேலியா ஐயாவை, 33 வயதுவரை களங்கமின்றி வாழ்ந்தவள் என்று கணவன் கல்லில் பொறித்திருக்கிறான். எல்லை ஊர் என்றால் கலப்பூர் என்று பொருள்.

அப்படியானால் மண்ணின் மைந்தர்கள்? அவர்கள் ஏடுகளில் அநேகமாகக் காணோம். ஒரு குறிப்பில் 'பிரிட்டுன்குலி' என்ற சொல் வருகிறது, 'அற்பப் பிரிட்டானியர்' என்று மொழிபெயர்க்கலாம். அவர்கள் கதையை மண்தான் சொல்கிறது. சுவருக்கும் சில கோட்டைகளுக்கும் அடியில் ஏர் உழுத சால்கள் தெரிகின்றன. அதாவது விளைநிலத்தின் மேலேயே கட்டியிருக்கிறார்கள். நியூகாசிலுக்கு வடக்கே கடலோரச் சமவெளியில் பல தலைமுறையாக வட்டக்குடிசைகளில் வாழ்ந்த பண்ணைக்குடிகள் இருந்தன. அங்கே நடந்த அகழாய்வுகளில், சுவர் வந்த பிறகு இரண்டாம் நூற்றாண்டிலேயே அந்தப் பண்ணைகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டது தெரிந்திருக்கிறது. மேய்ச்சல் நிலம் ஒரு பக்கம், உறவு ஒரு பக்கம், நடுவில் வாசல்காவல். எல்லையால் சிலருக்குக் கடை கிடைத்தது என்றால் சிலருக்கு ஊரே போனது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பதில் பாதிதான்.

சாமி கும்பிடுவதிலும் எல்லாம் கலந்துதான். சுவரை ஒட்டிய காரோபர்க் கோட்டைக்குப் பக்கத்தில் கொவென்டினா என்ற உள்ளூர் நீர்த்தெய்வத்தின் ஊற்றிலிருந்து 1876-இல் 13,000-க்கும் மேற்பட்ட காசுகளை எடுத்தார்கள். எழுத்துக்கூட்டிக்கூட எழுதத் தெரியாத ஏழைகள் நாட்டிய சின்னச்சின்ன பலிபீடங்களும் சுவர் நெடுக இருக்கின்றன.

212-இல் பேரரசர் காரகல்லா பேரரசின் சுதந்திர மக்கள் அநேகமாக எல்லாருக்கும் குடியுரிமை கொடுத்தார். அதற்குள் சிப்பாய் திருமணத் தடையும் போய்விட்டது. விண்டோலாண்டாவில் கல் வீடுகள், சாலை, குளியல்கூடம் என்று ஊர் நன்றாக இருந்த காலம் அந்த மூன்றாம் நூற்றாண்டின் முதல் பாதி. அப்புறம் வெள்ளிக்காசில் வெள்ளி குறைந்துகொண்டே போனது, சம்பளத்தில் பெரும்பகுதி காசாக இல்லாமல் தானியமாகவும் துணியாகவும் நேராகப் படைக்கே வந்தது, கோட்டைகளில் ஆட்களும் குறைந்தார்கள். வாசலுக்கு வெளியே செலவாகும் காசு நின்றது. சுவரை ஒட்டிய ஊர்களில் தோண்டினால் காசுகள் 270-களோடு அநேகமாக முடிந்துவிடுகின்றன. விண்டோலாண்டா கோட்டைக்குள் அதற்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள், காசும் கிடைக்கிறது. வெளியே வீதியில் கடைகள் மட்டும் திரும்பத் திறக்கவே இல்லை.